லைசென்ஸ் இருக்கிறது, வண்டி கொடுக்கத்தான் ஆள் இல்லை

கேள்வி: எனக்கு ஊர் சங்ககிரி பக்கம். ஹெவி லைசென்ஸ் எடுத்து பத்து வருஷத்துக்கு மேல் லைன் லாரி ஓட்டுகிறேன். போன வருஷம் கிருஷ்ணகிரி தாண்டி, விடியற்காலையில் கண் அசந்து முன்னால் போன பைக்கில் இடித்துவிட்டேன். பைக்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது. தப்பு என்னுடையதுதான். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 125(பி) (அஜாக்கிரதையால் கொடுங்காயம்) பிரிவுகளில் வழக்கு நடக்கிறது. ஆர்.டி.ஓ. மூன்று மாதம் லைசென்ஸை முடக்கினார், அதுவும் முடிந்துவிட்டது. பழைய ஓனர் வண்டிச் சேதத்துக்கு என்று சொல்லி பாக்கிச் சம்பளத்தைத் தரவில்லை. புது இடங்களில் கேஸ் இருக்கிறது என்றதும், "இன்சூரன்ஸ் பிரச்சினை வரும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். கோர்ட்டில் ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்து வேலை கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். வேலைக்குத் தடையாக இருப்பது நிலுவையில் உள்ள வழக்கு என்று நினைக்கிறீர்கள். ஆனால் ஒத்துக்கொண்டால் வருவது தண்டனைத் தீர்ப்பு. அது உங்கள் லைசென்ஸையே தொடும்.

முதலில் அந்த இன்சூரன்ஸ் பயத்தைப் பார்ப்போம். லாரி பாலிசியில் ஓட்டுநர் பற்றி ஒரு ஷரத்து இருக்கும். 'டிரைவர்ஸ் க்ளாஸ்' (Driver's Clause) என்பார்கள். ஓட்டுபவரிடம் அந்த வகை வண்டிக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் தகுதி நீக்கத்தில் இருக்கக் கூடாது. வழக்கமான பாலிசியில் ஓட்டுநரிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். முன்பு விபத்து நடந்ததா, வழக்கு இருக்கிறதா என்ற கேள்வியே அதில் வராது. அடுத்த ஓனரிடம் போகும்போது ஆர்.டி.ஓ. ஆணையின் நகலையும், பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் உங்கள் லைசென்ஸ் நிலையைக் காட்டும் பக்கத்தின் பிரிண்டையும் கொண்டுபோய், அவருடைய பாலிசியிலேயே அந்த ஷரத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவர் இஷ்டம், சட்டத்தால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வழக்கை மறைத்து வேலைக்குச் சேராதீர்கள். படிவத்தில் கேட்டிருந்து நீங்கள் 'இல்லை' என்று எழுதினால், பின்னால் அந்தப் பொய்யே வேலையை விட்டு நீக்கக் காரணமாகிவிடும்.

பிரிண்ட் எடுக்கும்போது நிலையை நன்றாகப் பாருங்கள். ஆணையில் புத்தாக்கப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று இருந்தால், மூன்று மாதம் ஓடியதாலேயே லைசென்ஸ் தானாகச் சரியாகிவிடாது. தகுதி நீக்கம் இருக்கும்போது ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 182-ன்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் இன்னொரு விபத்து நடந்தால் ஓனருடைய இன்சூரன்ஸும் சிக்கலாகும். அவர் பயப்படுவது அப்போது நியாயம்தான்.

இனி ஃபைன் விஷயம். 125(பி)-க்கு மூன்று வருடம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 281-க்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்று உங்களுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தண்டிக்கும் நீதிமன்றமே மோட்டார் வாகனச் சட்டம் 20-ஆவது பிரிவின் கீழ் மறுபடி தகுதி நீக்கமும் செய்யலாம். குற்றப்பத்திரிகையில் அதே சட்டத்தின் 184-ஐயும் சேர்த்திருக்கிறார்களா என்று உடனே பாருங்கள். அபாயகரமாக ஓட்டியதாக 184-ல் ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் மேல், பிற்பாடு அதே மாதிரி ஓட்டி மரணமோ கொடுங்காயமோ ஏற்படுத்தியதாக வழக்குப் பதிவானாலே போதும். 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் முடங்கிவிடும், தீர்ப்பு வரக் காத்திருக்காது. லைன் ஓட்டுகிறவருக்கு இது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. 'ஃபைன் கட்டிட்டு வந்துடுப்பா' என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

தப்பு என்னுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குச் சட்டத்திலேயே வேறு வழி இருக்கிறது. 125(பி)-ஐ, காயம்பட்டவர் சம்மதித்தால், நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம் (பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 359). 281 அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குச் சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் அதே சட்டத்தின் 528-ன் கீழ் ரத்து கேட்க வேண்டியிருக்கும், கிடைப்பது நீதிமன்றத்தின் விருப்புரிமை. நீங்களே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசாதீர்கள், சாட்சியைக் கலைத்ததாகிவிடும். வக்கீல் மூலம் பேசுங்கள். நன்னடத்தைச் சட்டத்தை (சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடும் சட்டம்) பெரிதாக நம்ப வேண்டாம். தல்பீர் சிங் வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம், மரணம் விளைந்த விபத்துகளில் ஓட்டுநர்களுக்கு அந்தச் சலுகை கூடாது என்ற போக்கை எடுத்தது. உங்கள் வழக்கில் மரணம் இல்லை என்பது உங்களுக்குச் சாதகம், அவ்வளவே.

காயம்பட்டவர் நஷ்டஈடு கேட்டு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போனால் உங்களுக்கும் சம்மன் வரும். பயந்து ஒதுங்காமல் ஆஜராகி லைசென்ஸ் நகலைக் கொடுங்கள். லைசென்ஸும் பாலிசியும் ஒழுங்காக இருந்தால் பணம் கட்ட வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனி.

சம்பளப் பாக்கி தனி விவகாரம். வண்டிச் சேதத்துக்கு ஓனருக்குப் பாலிசி இருக்கும். விளக்கம்கூடக் கேட்காமல் மொத்தச் சம்பளத்தையும் அமுக்கிக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. பதிவுத் தபாலில் கேளுங்கள், தரவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஓனர் உங்களை ஓய்வெடுக்க விடாமல் அடுத்த லோடுக்கு விரட்டியிருந்தால் அந்த வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் டிரிப் ஷீட்டையும் அழிக்காமல் வையுங்கள். டோல்கேட் நேரம் ஃபாஸ்டாக் கணக்கில் இருக்கும், அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். நீங்கள் ஏன் கண் அசந்தீர்கள் என்று தண்டனை பற்றிப் பேசும்போது காட்ட இவைதான் உதவும்.

லோடு இருக்கிறது என்று வாய்தாவைத் தவறவிடாதீர்கள், பிடிவாரண்ட் வந்துவிடும். போக முடியாத நாளில் வக்கீல் பி.என்.எஸ்.எஸ். 355-ல், நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனுப் போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பியுங்கள், வருமான வரம்புக்குள் இருந்தால் இலவசமாகவே வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.