ஒரு கேலக்ஸி எப்படி இருக்கும் என்பதை அது இருக்கும் இடம் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது?

சிறிய கேலக்ஸி என்றால் கிட்டத்தட்ட முழுவதுமாக. பெரிய கேலக்ஸி என்றால் ஓரளவுதான். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் "நெருக்கமான இடத்தில் இருந்தால் கேலக்ஸி செத்துவிடும்" (அதாவது புதிய நட்சத்திரங்கள் பிறப்பது நின்று அது அடங்கிவிடும்) என்று பொதுவாகச் சொல்வதால்தான் குழப்பம் வருகிறது.

1980இல் வானியலாளர் ஆலன் டிரஸ்லர் 55 கேலக்ஸிக் கொத்துகளில் சுமார் 6000 கேலக்ஸிகளின் வடிவத்தை வகைப்படுத்தினார். கேலக்ஸிகள் அரிதாக உள்ள இடங்களில் சுருள் கேலக்ஸிகளே பெரும்பான்மை. கொத்தின் நெருக்கமான மையத்தில் அவை பத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கி, நீள்வட்டமும் வில்லை வடிவமும் ஆட்சி செய்கின்றன. இந்தத் தொடர்பில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. காரணம் எது என்பதில்தான் வேலை இருக்கிறது.

நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். சுற்றுப்புறம் ஒரு கேலக்ஸியின் மேல் கைவைப்பது பெரும்பாலும் இந்த வாயுவின் வழியாகத்தான். கொத்துக்குள் கேலக்ஸிகளுக்கு நடுவே கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. அதற்குள் நொடிக்கு 1000 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் கேலக்ஸிக்கு, வேகமாக ஓடும் வண்டியில் முகத்தில் அறையும் காற்றுபோல, எதிரழுத்தம் உண்டாகிறது. வாயுவின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அந்த அழுத்தம் கிடைக்கும். அதை எதிர்த்து நிற்பது கேலக்ஸித் தட்டின் சொந்த ஈர்ப்பு. 1972இல் கன், காட் என்ற இரு வானியலாளர்கள் எழுதிய கணக்கு இது. நாமே போட்டுப் பார்க்கலாம்.

கொத்து வாயு கன சென்டிமீட்டருக்கு 0.001 புரோட்டான், வேகம் நொடிக்கு 1000 கிலோமீட்டர் என்றால் அழுத்தம் சுமார் 1.7 பிக்கோபாஸ்கல் (ஒரு பிக்கோபாஸ்கல் என்பது பாஸ்கலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). தட்டின் வெளிப்புறத்தில் ஒரு சதுர பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) நட்சத்திரங்கள் 20 சூரிய நிறை, வாயு 5 சூரிய நிறை என்று வைத்தால், பிடித்து வைக்கும் விசை அதே அலகில் 0.18தான். வாயு பறிபோகும். மையப் பகுதியில் 500, 20 என்று வைத்தால் விசை 18க்கு மேல்; அங்கே வாயு அசையாது. அதனால்தான் கன்னி ராசிக் கொத்திலுள்ள பல சுருள் கேலக்ஸிகளில் ஹைட்ரஜன் தட்டு ஓரம் வெட்டப்பட்டு, நட்சத்திரத் தட்டைவிடச் சிறியதாக இருக்கிறது. நார்மா கொத்தின் இஎஸ்ஓ 137-001 இன்னும் உக்கிரமான உதாரணம். அதன் பின்னால் இரண்டரை லட்சம் ஒளியாண்டுக்கும் மேல் எக்ஸ் கதிர் வால் நீள்கிறது.

அடர்த்தி பத்தில் ஒரு பங்கும் வேகம் 300 கிலோமீட்டருமாக உள்ள சிறு குழுவில் இதே கணக்கைப் போட்டால், அழுத்தம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பெரிய சுருள் கேலக்ஸிக்கு அது ஒன்றுமே இல்லை. அங்கே வேறு இரண்டு நடக்கின்றன. ஒன்று, வேகம் குறைவு என்பதால் கேலக்ஸிகள் ஒன்றையொன்று பிடித்து இணைய முடிகிறது. கொத்தின் 1000 கிலோமீட்டர் வேகத்தில் உரசிக் கடந்துவிடும், இணைவது அரிது. இரண்டாவது, வெளியிலிருந்து வரும் புதிய வாயு நின்றுபோகிறது. இது மெதுவான சாவு: கையிருப்பு வாயு தீரும்வரை 200 முதல் 400 கோடி ஆண்டுகள் நட்சத்திரப் பிறப்பு வழக்கம்போல் நடக்கும், பிறகு 100 கோடி ஆண்டுக்குள் அடங்கிவிடும். கொத்தில் காணும் பல கேலக்ஸிகள் கொத்துக்குள் வருமுன்பே குழுவில் இப்படிப் பாதி அடங்கியவை.

படத்தைப் பார்த்தே காரணத்தை ஊகிக்க ஒரு வழி உண்டு. நட்சத்திரங்கள் எதிரழுத்தத்தை உணர்வதேயில்லை. தட்டு ஒழுங்காக இருந்து வாயு மட்டும் ஒரு பக்கம் இழுபட்டிருந்தால் அது எதிரழுத்தம். நட்சத்திரங்களும் சேர்ந்து இழுபட்டிருந்தால் பக்கத்துக் கேலக்ஸியின் ஈர்ப்பு.

இனி நிறை. சுமார் 3000 கோடி சூரிய நிறைக்கு மேல் உள்ளவை தனியாக இருந்தாலும் பலவும் தாமே அடங்கிவிடுகின்றன. மையக் கருந்துளை கக்கும் ஆற்றல் இதில் முக்கியப் பங்கு வகிப்பதாகக் கருதப்படுகிறது. மறுபுறம், 100 கோடி சூரிய நிறைக்குக் கீழ் உள்ள குள்ள கேலக்ஸிகளில், பெரிய அண்டை எதுவும் 50 லட்சம் ஒளியாண்டுக்குள் இல்லாமல் அடங்கிப்போனவை அநேகமாக இல்லை என்பது 2012இல் தெரியவந்தது. நம் பால்வீதியே சாட்சி: சுமார் பத்து லட்சம் ஒளியாண்டுக்குள் சுற்றும் துணைக் கேலக்ஸிகளில் மெகல்லன் மேகங்கள் தவிர ஏறக்குறைய எதிலும் வாயு இல்லை. 14 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் மிகச் சிறிய லியோ டி-யில் வாயு இருக்கிறது.

நீங்களே தரவோடு ஆராய்வதாக இருந்தால் முதல் விதி: ஒரே நிறையுள்ள கேலக்ஸிகளைத்தான் ஒப்பிட வேண்டும். நெருக்கமான இடங்களில் கனமானவை அதிகம். அதைப் பிரிக்காவிட்டால் நிறையின் விளைவைச் சுற்றுப்புறத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். அடுத்து, குழுவின் மையக் கேலக்ஸியையும் துணைகளையும் தனித்தனியே பாருங்கள். சுற்றுப்புற அடர்த்திக்கு வழக்கமான அளவுகோல், திசைவேக வித்தியாசம் நொடிக்கு 1000 கிலோமீட்டருக்குள் உள்ள ஐந்தாவது அண்டையின் தூரம். சிவப்புப் பெயர்ச்சியை (விலகிச் செல்லும் கேலக்ஸியின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவு) அப்படியே தூரமாக மாற்றாதீர்கள்: கொத்துக்குள் 1000 கிலோமீட்டர் சொந்த வேகம் நாலரைக் கோடி ஒளியாண்டு பொய்த் தூரமாகிவிடும். லட்சக்கணக்கான கேலக்ஸிகளின் நிறமாலையைப் பதிந்த ஸ்லோன் வானக் கணக்கெடுப்பின் தரவில் இன்னொரு பொறி உண்டு. அதன் முதன்மைக் கேலக்ஸித் தரவு எடுக்கப்பட்டபோது, ஒளியை ஏந்தும் ஒளியிழைகளைத் துளையிட்ட தகட்டில் செருகினார்கள்; ஒரே தகட்டில் இரண்டு இழைகளை 55 ஆர்க்செகண்டுக்குக் (ஆர்க்செகண்டு என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) குறைவாக நெருக்கி வைக்க முடியவில்லை; ஆகவே நிறமாலை விடுபடுவது மிக நெருக்கமான கேலக்ஸிகளுக்குத்தான், அதாவது உங்களுக்கு மிகவும் தேவையானவற்றுக்கு. கணக்கெடுப்பின் விளிம்பில் உள்ளவற்றுக்கு அண்டை குறைவாகத் தெரியும், அவற்றை நீக்கிவிடுங்கள். கொத்துக்கு வெளியே தனியாகத் தெரியும் அடங்கிய கேலக்ஸியைக் கண்டு அவசரப்பட வேண்டாம். உள்ளே ஒருமுறை பாய்ந்து மறுபக்கம் வெளியேறியதாகவும் இருக்கலாம்.