சுக்குட்டி, மிளகுதக்காளி, மணத்தக்காளி: வாய்ப்புண்ணுக்கு எது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. சர்க்கரைக்கு 10 வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார். சுத்த சைவம். அடிக்கடி வாய்ப்புண் வருகிறது. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் சுக்குட்டிக் கீரை சமைத்துக் கொடுப்போம். மதுரைத் தோழி மிளகுதக்காளிதான் நல்லது என்கிறாள். கீரைக்கார அம்மா மணத்தக்காளி என்கிறார். எதை வாங்குவது?

பதில்: மூன்றும் ஒரே செடிதான். எந்தப் பெயர் சொல்லி வாங்கினாலும் பூவையும் காயையும் ஒருமுறை பாருங்கள். சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள், கொத்தாக மிளகு அளவில் காய். பழம் சிலவற்றில் கருநீலமாகவும் சிலவற்றில் செம்மஞ்சளாகவும் இருக்கும். இரண்டும் சமைக்கிற வகைதான். பச்சைக் காயை மட்டும் பறித்து அப்படியே மெல்ல வேண்டாம். அதில் சோலனைன் என்ற நச்சுப்பொருள் உண்டு. வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் இன்னும் கவனம்.

கீரையைப் பாசிப்பருப்போடு வேகவைத்து, கொஞ்சம் தேங்காய்ப்பால் சேர்த்துக் காரமில்லாமல் கொடுங்கள். சிலர் வாய் வெந்து கிடக்கும்போது வத்தக்குழம்பு ஊற்றிவிட்டு, “மணத்தக்காளி சாப்பிட்டும் ஆறலையே டாக்டர்” என்பார்கள். புளியும் மிளகாயும் சும்மா இருக்குமா! மோரில் உப்புப் போட்டு ஊறவைத்துக் காயவைப்பதால் வற்றலில் உப்பும் அதிகம். அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் அளவோடு போதும்.

சரி, கீரையை விட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மெட்ஃபார்மின். அதை நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு உடலில் பி12 சத்து குறையும். சைவ உணவில் அது கிடைப்பது பெரும்பாலும் பால், தயிரிலிருந்துதான். கீரையை நம்பிப் பயனில்லை. நாக்கு வழுவழுவென்று சிவந்து எரிகிறதா, சீக்கிரம் களைத்துப்போகிறாரா, பாதம் மதமதக்கிறதா என்று கேளுங்கள். மதமதப்பைச் சர்க்கரையின் மேல் பழிபோட்டு விட்டுவிடுவது சகஜம். பி12, ஃபோலேட், இரும்புச்சத்து, ஹீமோகுளோபின் நான்கையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவு என்றால் மாத்திரையோ ஊசியோ கொடுத்துச் சரிசெய்யலாம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வாய்க்குள் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அடிக்கடி வரும். அதற்கு மருந்து வேறு. அப்புறம், ஒரே புண் 3 வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றாலோ, விளிம்பு தடித்திருந்தாலோ, வலியே இல்லாவிட்டாலும்கூடப் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புகையிலை போடும் பழக்கம் இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். உடைந்த பல்லோ பல்செட்டோ உரசுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுவார்கள்.