பச்சை மாறாத பொரியலுக்கு மூடியைக் கவனியுங்கள்

கேள்வி: ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் மூன்று பேர் ஓர் அறையில் தங்கி, நாங்களே சமைத்துச் சாப்பிடுகிறோம். ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர், ஓர் அலுமினிய வாணலி, சோறு வடிக்க ஒரு பாத்திரம், நாலைந்து கரண்டிகள். இவ்வளவுதான் எங்கள் சமையலறை. குழம்பு ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் பீன்ஸ், அவரை, கீரை எதைச் செய்தாலும் காக்கி நிறத்தில் குழைந்துபோகிறது; இல்லாவிட்டால் அடிப்பிடித்து, உள்ளே வேகாமல் நிற்கிறது. மதியம் டப்பாவைத் திறந்தால் சாப்பிடவே மனம் வருவதில்லை. அம்மா செய்தால் பச்சைப் பசேலென்று இருக்கும். குக்கரோ, ஆவியில் வேகவைக்கும் பாத்திரமோ வாங்கினால்தான் சரியாக வருமா?
- ஒரு வாசகர், ஒரகடம்

பதில்:

அன்புத் தம்பிக்கு,

எதுவும் வாங்க வேண்டாம். குறிப்பாக, பச்சைக் காய்க்காகக் குக்கர் வேண்டவே வேண்டாம். பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் அது நல்ல துணை. பீன்ஸை அதில் வைத்து இரண்டு விசில் விட்டுப் பாருங்கள், நீங்கள் எழுதியிருக்கும் அதே காக்கி நிறம்தான் வரும். உங்கள் வாணலியும் சோற்றுப் பாத்திரமும் தாராளமாகப் போதும். காய் ஏன் நிறம் மாறுகிறது என்பது பிடிபட்டுவிட்டால், மற்றதெல்லாம் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

நறுக்கிய பீன்ஸைச் சூடான எண்ணெயில் போட்ட அரை நிமிடத்தில், அதன் பச்சை முன்பைவிடப் பளிச்சென்று எழும்புவதைக் கவனித்திருப்பீர்கள். காயின் திசுக்களுக்கு இடையே சிக்கியிருந்த காற்று வெளியேறிவிடுவதால், உள்ளே இருக்கும் நிறம் மறைப்பின்றித் தெரிகிறது. அதோடு நின்றால் நல்லது. ஆனால் காய் இன்னும் வேகவில்லையே. சூடு ஏற ஏற செல்கள் உடைந்து, அவற்றுக்குள் இயல்பாகவே இருக்கும் அமிலங்கள் கசிகின்றன. பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசியம் அணு உண்டு. அமிலம் அதை வெளியேற்றி, அந்த இடத்தில் ஹைட்ரஜனைக் கொண்டுவந்து வைக்கிறது. மக்னீசியம் போனதும் பளிச்சென்ற பச்சையும் போய், பழுப்புக் கலந்த மங்கல் நிறம் வந்துவிடுகிறது. ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் அடுப்பில் இருக்கும் எந்தப் பச்சைக் காயிலும் இது நன்றாகவே தெரியத் தொடங்கும்.

அந்த அமிலங்களில் ஒரு பகுதி ஆவியோடு பறந்துவிடக்கூடியது. தட்டைப் போட்டு மூடினால், அது தட்டின் அடியில் துளித்துளியாகக் கோத்து, திரும்பக் காயின் மேலேயே விழும். கீரையைத் திறந்துவைத்துத்தான் வேகவைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். ஆக, நீங்கள் கவனிக்க வேண்டியவை மூன்று: நேரம், மூடி, புளிப்பு.

முதலில் பீன்ஸ். கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒன்றை ஒடித்துப் பாருங்கள்; சட்டென்று முறிய வேண்டும். ரப்பர்போல வளைந்தால் அது முற்றியது அல்லது வாடியது. அதை எப்படிச் சமைத்தாலும் வேக நேரமாகும், நிறமும் போகும். காம்பைக் கிள்ளி நாரை உரித்து, முழுதாகவே கழுவி, நீர் வடிந்த பிறகு பொடியாக நறுக்குங்கள். காலை அவசரத்தில் பெரிய துண்டுகளாக நறுக்கிப் போடுவதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். நறுக்குவதில் மிச்சம் பிடிக்கும் மூன்று நிமிடத்துக்கு, அடுப்பில் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. துண்டுகள் ஒரே அளவில் இருப்பதும் முக்கியம். சிறியது குழையும், பெரியது வேகாமல் நிற்கும் என்ற சிக்கல் அதோடு தீர்ந்துவிடும்.

இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் காயைப் போட்டு, தீயைக் கூட்டி வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் மூடாமல் கிளற வேண்டும். முதல் ஆவி அப்படியே பறக்கட்டும். பிறகு உப்புப் போட்டு, கையால் இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள். தெளிக்க வேண்டும், டம்ளரைக் கவிழ்க்கக் கூடாது. தண்ணீர் வாணலியில் பட்டதும் சுர்ரென்று சீற வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் சூடு சரி, காய் ஆவியிலேயே வேகும். சத்தமில்லாமல் தண்ணீர் தேங்கி நின்றால் தீ போதாது, காய் ஊறிக் குழையப்போகிறது என்று அர்த்தம். இப்போது தீயை நடுத்தரமாக்கி, தட்டைச் சற்று விலக்கிவைத்து மூன்று நான்கு நிமிடம் மூடலாம். நடுவில் ஒருமுறை திறந்து கிளறி, ஈரம் வற்றியிருந்தால் மறுபடி தெளியுங்கள். உங்கள் அலுமினிய வாணலி மெல்லியதாக இருக்கும், அடிப்பிடிப்பது அதனால்தான். அதற்கு மருந்து இந்தத் தெளிப்புதான், கூடுதல் எண்ணெய் அல்ல. ஒரு துண்டை எடுத்துக் கடித்துப் பாருங்கள். பச்சை வாடை போய், பல்லில் லேசாக நறுக்கென்று பட்டால் இறக்கிவிடலாம். வாணலியின் சூட்டில் மிச்சமும் வெந்துவிடும்.

ஒற்றை அடுப்புக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழியும் அதுதான். நீங்கள் சோறு வடிக்கிறவர்கள் அல்லவா? உலை தளதளவென்று கொதித்ததும், அரிசியைப் போடுவதற்கு முன் நறுக்கிய பீன்ஸைப் போடுங்கள். அகலமான பாத்திரம், நிறையத் தண்ணீர், முழுத் தீ, மூடி இல்லை. நிறையத் தண்ணீர் இருந்தால் காய் விழுந்ததும் கொதி அடங்கிவிடாது. கசியும் அமிலமும் அதில் நீர்த்துப்போகும். மூன்று நான்கு நிமிடத்தில் கண்கரண்டியால் அரித்தெடுத்து, ஒரு தட்டில் பரப்பிவிடுங்கள். குவித்துவைத்தால் உள்சூட்டிலேயே வெந்து மங்கும். ஐஸ் தண்ணீரெல்லாம் தேவையில்லை, பரப்பினால் போதும். அதே உலையில் அரிசியைப் போட்டுச் சோற்றை வடித்துக்கொண்டு, அப்புறம் வாணலியில் தாளித்துக் காயை ஒரு நிமிடம் புரட்டினால் பொரியல் முடிந்தது. சிலிண்டரும் மிச்சமாகும். ஒரு குறை உண்டு: வைட்டமின் சி போன்ற நீரில் கரையும் சத்துகள் கொஞ்சம் உலையில் இறங்கிவிடும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்துவிட்டால் அதிலும் ஒரு பகுதி வயிற்றுக்கே வந்து சேரும். அன்றாடத்துக்குத் தெளித்து வதக்கும் முறை, நேரம் நெருக்கும் காலைகளில் உலை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீரைக்கு அவசரப்படாதீர்கள். ஆய்ந்து, மண் போக மூன்று நான்கு தண்ணீரில் அலசி, நறுக்குங்கள். அலசிய ஈரமே அதற்குப் போதும். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எதுவானாலும் மூடாமல் ஐந்தாறு நிமிடம். கட்டு பெரிதாக இருக்கிறதே என்று ஆரம்பத்திலேயே உப்பை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். கீரை ஒரு பிடியாகச் சுண்டிவிடும், உப்பு மட்டும் சுண்டாது. வெந்து அடங்கிய பிறகு அளவு பார்த்துப் போடுவதுதான் முறை. மத்து இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், குழிக்கரண்டியின் அடியால் மசித்தாலே நன்றாகக் கடையும். முருங்கைக்கீரை மட்டும் தனி ரகம். கழுவி ஈரம் நன்றாக வடிந்த பிறகே வாணலியில் போட வேண்டும், இல்லாவிட்டால் உருண்டை உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். கரண்டியின் காம்பால் கிளறினால் உதிரியாக நிற்கும். அது வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். நிறம் சற்று ஆழ்ந்துதான் போகும். அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பிறகுதான் நறுக்க வேண்டும். மூடி கிடையவே கிடையாது, தண்ணீரும் கிடையாது, உப்பு கடைசியில்.

புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தக்காளி, புளி, எலுமிச்சை, தயிர் எல்லாமே வெளியிலிருந்து நீங்கள் ஊற்றும் அமிலம். வேகாத காயில் புளிக்கரைசலை ஊற்றினால் இரண்டு கெடுதல். பச்சை போவது ஒன்று. காய் மெத்தென்று ஆகாமல் விறைத்து நிற்பது இன்னொன்று. குழம்பில் அவரையோ கொத்தவரையோ எவ்வளவு நேரம் கொதித்தும் வேகவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், புளி முந்திவிட்டது. காய் முக்கால் வெந்த பிறகே புளி. எலுமிச்சை பிழிவதென்றால் அடுப்பை அணைத்த பிறகு.

நிறம் நிற்பதற்குச் சமையல் சோடாவைச் சிட்டிகை போடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். கேட்காதீர்கள். அமிலத்தை அது முறிப்பது உண்மை, காய் பச்சையாக நிற்பதும் உண்மை. ஆனால் காயின் நார்க்கட்டைக் கரைத்துக் கூழாக்கிவிடும், வைட்டமின் சியும் தயாமினும் வேகமாக அழியும், வாயில் சவர்க்கார வாடையும் அடிக்கும். கண்ணுக்கு மட்டும் அழகான பொரியல் எதற்கு? சர்க்கரை போடுவது வேறு சங்கதி. அது கீரையின் லேசான கசப்பை அடக்கும். அமிலத்தை முறிக்காது, நிறத்துக்காக அதை நம்ப வேண்டாம்.

கடைசியாக உங்கள் டப்பா. காலையில் சுடச்சுட அடைத்து இறுக மூடினால், அடுப்பை அணைத்த பிறகும் காய் உள்ளே வெந்துகொண்டேயிருக்கும். ஆவியெல்லாம் மூடியில் கோத்துத் திரும்ப வடியும். நீங்கள் மதியம் பார்க்கும் காக்கியில் பாதி அங்கே உண்டானதுதான். பொரியலைத் தட்டில் பரப்பி, குளித்துவிட்டு வந்து, ஆறியபின் அடையுங்கள். வெயில் காலத்தில் டப்பாவுக்கு எடுத்துப்போகும் பொரியலில் தேங்காய்த் துருவல் வேண்டாம், மதியத்துக்குள் ஊசிவிடக்கூடும். அதற்குப் பதில் இரண்டு கைப்பிடி வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, ஒரு வரமிளகாயோடு சுத்தமான துணியில் முடிந்து, டம்ளரின் அடியால் தட்டிக் கொரகொரப்பாகப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி தேவையில்லை, காற்றுப்புகாத டப்பாவில் ஒரு வாரம் கெடாது. இறக்கும்போது இரண்டு கரண்டி தூவிக் கிளறினால், வாணலியில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும்.