ஒப்பந்தத்தில் ‘தனியுரிமைச் சட்டங்கள்’: வரையறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் தரவுகளைக் கையாளும் பணிக்காக எங்கள் சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் வந்திருக்கிறது. அதில் ‘தனியுரிமைச் சட்டங்கள்’ என்றால் ‘அவ்வப்போது திருத்தப்படும் அல்லது மாற்றி இயற்றப்படும் எல்லாச் சட்டங்களும் விதிகளும் வழிகாட்டுதல்களும்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டால் போதாதா? இதில் கையெழுத்திடலாமா?

பதில்: பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதாது. அதே வேளையில், உங்களுக்கு வந்திருக்கும் வரையறையை அப்படியே ஏற்பதும் நல்லதல்ல.

தனியுரிமைச் சட்டங்கள் ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே மாறிவிடக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1995ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணை நீக்கப்பட்டு, 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் எனப்படும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. பழைய ஆணையைச் சுட்டும் இடங்களைப் புதியதைச் சுட்டுவதாகவே கொள்ள வேண்டும் என்று ஜிடிபிஆரின் 94ஆவது பிரிவு சொல்கிறது. என்றாலும், இரு தனியார் தரப்பினர் தமக்குள் எழுதிக்கொண்ட பெயருக்கும் அது பொருந்துமா என்ற வாதத்துக்கு ஏன் இடம் வைக்க வேண்டும்? ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டனோ, 2020 இறுதியில் இடைக்காலம் முடிந்ததும், அதே ஒழுங்குமுறையைத் தன் உள்நாட்டுச் சட்டமாகத் தனியே வைத்துக்கொண்டது. ஆகவே ‘அவ்வப்போது திருத்தப்படும் அல்லது மாற்றி இயற்றப்படும்’ என்ற சொற்களை நீக்கச் சொல்லாதீர்கள். அவை இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஆபத்து மற்ற இரு இடங்களில் இருக்கிறது. ‘எல்லாச் சட்டங்களும்’ என்பதற்கு எல்லையே இல்லை. உங்களுக்குச் சட்டப்படி பொருந்தாத ஒரு நாட்டின் சட்டத்தைக்கூட ஒப்பந்தத்தின் வழியாக நீங்களே தலையில் ஏற்றிக்கொண்டதாகிவிடும். இச்சட்டங்கள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கண்காணிப்பு அமைப்புகள் வெளியிடும் வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் சட்டத்தைப் போலக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆனால் வரையறைக்குள் வந்துவிட்டால், அவற்றிலிருந்து விலகுவதே ஒப்பந்த மீறலாகி, இழப்பீடு கேட்க வழி திறக்கும். எனவே, ‘இந்த ஒப்பந்தத்தின் கீழ் தனிநபர் தரவைக் கையாளும்போது அந்தந்தத் தரப்புக்குப் பொருந்தும், சட்டப்படி கட்டுப்படுத்தும் தனியுரிமைச் சட்டங்களும் விதிகளும்’ என்று மாற்றிக் கேளுங்கள். முதன்மையான சட்டங்களை எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லிச் சேர்ப்பதும் நல்லது. ‘இவை உட்பட’ என்று எழுதினால் பட்டியல் மூடிவிடாது.

வரையறை சரியாக அமைந்தாலும், ‘தனியுரிமைச் சட்டங்களின்படி நடக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரியோடு கடமைகளை முடித்துவிடக் கூடாது. தரவு மீறல் (தரவு கசிவது, தொலைவது போன்றவை) நேர்ந்தால், தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிக்கும் நிறுவனம் அதை அறிந்ததிலிருந்து, இயன்றால் 72 மணி நேரத்துக்குள், கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஜிடிபிஆரின் 33ஆவது பிரிவு. அந்த நிறுவனத்துக்காகத் தரவைக் கையாளும் உங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கெடு உரியதல்ல. தேவையற்ற தாமதமின்றி அந்த நிறுவனத்துக்குத் தெரிவிப்பதே உங்கள் கடமை. சட்டத்தை மட்டும் சுட்டினால் ‘தேவையற்ற தாமதம்’ எத்தனை மணி நேரம் என்ற சச்சரவு எழும் என்பதால், உங்களால் உண்மையில் நிறைவேற்றக்கூடிய கெடுவை எண்ணாகவே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று: சட்டம் மாறும்போது நீங்களும் உங்கள் முறைகளை மாற்றியாக வேண்டும். அந்தச் செலவு யாருடையது, மாற்றிக்கொள்ள எவ்வளவு அவகாசம் என்பதற்குத் தனி ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒரு வழக்கறிஞரின் துணையோடு அதைச் சேர்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.