உள்ளூர் பார்லியில் செய்த சிங்கிள் மால்ட் விஸ்கியின் (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது) சுவை தனியாகத் தெரியுமா?

தெரியும். ஆனால் அது பார்லியின் வேலைதானா என்பதில்தான் சிக்கல். லேபிளைப் படித்துவிட்டுக் குடித்தால் இல்லாத வயல்வாசம்கூட மூக்கில் ஏறும்.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள கில்ஹோமனை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் தொடங்கிய பண்ணை வடிசாலை. அதன் ‘100% ஐலா’ விஸ்கிக்கான பார்லி வடிசாலையை ஒட்டிய வயல்களிலேயே விளைகிறது. அதை ஊறவைத்து, தரையில் பரப்பி, கிளறிக் கிளறி முளைகட்டுகிறார்கள். கேழ்வரகு முளைகட்டும் அதே சங்கதிதான், அளவுதான் பெரிது. பிறகு பீட் எனும் சதுப்புநிலக் கரியின் புகையில் உலர்த்துகிறார்கள். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். இந்தச் சொந்த மால்ட்டில் புகைமணம் தரும் ஃபீனால் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்கு. மற்ற விஸ்கிகளுக்காகத் தீவின் போர்ட் எலன் ஊரிலிருந்து வாங்கும் மால்ட்டில் அது சுமார் 50. ஆகவே இந்த விஸ்கி மென்மையாக இருப்பதற்கு மண்ணைவிடக் குறைந்த புகையே பெரிய காரணம் என்பேன். விஸ்கி முதிரும் மரப்பீப்பாயின் பங்கு தனிக்கதை.

இது 50% ஆல்கஹால் வீரியத்தில் வருவது. முதல் மடக்கை நாக்கில் சற்று நிறுத்துங்கள், எரியும். பிறகு அரை ஸ்பூன் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். எனக்கு எலுமிச்சைத் தோலும் தேனும் முந்திக்கொண்டு வந்தன. அணைந்த அடுப்பின் வாசம் பின்னால் வந்தது. தொண்டையில் இறங்கிய பிறகு உலர்ந்த தானியச் சுவை ஒன்று தங்கும். பார்லியைத் தேடுவதானால் அங்கே தேடுங்கள். ஐஸ் போட்டால் அதுவும் அடங்கிவிடும்.