அசட்டை, மெத்தனம், விட்டேற்றி

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது. பள்ளியில் தமிழைத் தேர்வுக்காக மட்டும் படித்தவன். இரண்டு வருடமாகத்தான் நாவல், கட்டுரை என்று வாசிக்கிறேன். தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைப் பார்த்து, பொருளை ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். 600 சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஆனால் நோட்டைத் திறந்தால் பாதிச் சொற்கள் புதிதாகப் பார்ப்பதுபோல இருக்கின்றன.

அதைவிட வேறொன்று உறுத்துகிறது. அசட்டை, மெத்தனம், விட்டேற்றி என்ற மூன்று சொற்களுக்கும் எதிரே 'அக்கறையின்மை' என்றே எழுதிவைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரு நண்பருக்கு, "விட்டேற்றியாகப் பணம் கட்டாமல் இருந்துவிட்டேன்" என்று எழுதினேன். இந்தச் சொல் இங்கே வராது என்றார். ஏன் வராது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "அகராதியை மூடிவிட்டு வாசி, பொருள் தானாக வரும்" என்கிறார். வருமா?

இன்னொரு கேள்வி. என் மகளுக்கு 7 வயது. கதை படிக்கும்போது வரிக்கு வரி "அப்படின்னா என்ன?" என்று கேட்கிறாள். சொல்லிவிடலாமா, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விடலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பரின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. முதலில் அந்த மூன்று சொற்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கேள்வி முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

மூன்றிலும் அக்கறை இல்லைதான். ஆனால் யாருக்கு, எதன்மேல் இல்லை என்பது வேறுபடுகிறது. மெத்தனம் என்றால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைச் செய்யவேண்டியவர் அவசரம் உணராமல் இருக்கிறார். அதனால்தான் விசாரணையில் மெத்தனம், பராமரிப்பில் மெத்தனம் என்று எழுதுகிறோம். அசட்டைக்கு எதிரே ஓர் ஆளோ பொருளோ வேண்டும். 'இதையெல்லாம் பொருட்படுத்த வேண்டியதில்லை' என்ற பார்வை அதில் உண்டு, சில சமயம் கொஞ்சம் கர்வமும் உண்டு. விட்டேற்றி இந்த இரண்டும் இல்லை. எதிலும் ஒட்டாமல், வருவது வரட்டும் போவது போகட்டும் என்று இருக்கிற ஒரு மனநிலை அது. ஒரு தவணையைக் கட்டாமல் விட்டதற்கு அது பெரிய சொல். "மெத்தனமாக இருந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தால் உங்கள் நண்பர் நிறுத்தியிருக்க மாட்டார்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்த அகராதியிலும் இப்படி மூன்றையும் பக்கத்தில் வைத்து நான் படித்ததில்லை. அந்தச் சொற்களை வெவ்வேறு வாக்கியங்களில் பலமுறை சந்தித்ததில் சேர்ந்த அறிவு இது. அந்த அளவில் நண்பர் சொல்வது உண்மை. ஆனால் 'தானாக வரும்' என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

பத்து வயதில் ஒரு கதையில் "அவர் அசட்டையாக நாற்காலியில் சாய்ந்திருந்தார்" என்று படித்தேன். கடும் வெயில் காலத்தில் நடக்கும் கதை. சட்டை போடாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வாக்கியத்துக்கும் பொருந்தியது, வெயிலுக்கும் பொருந்தியது. பல மாதங்கள் அந்தப் பொருளை உறுதியாக நம்பினேன். பிறகு வேறொரு கதையில் ஒரு பெண் வந்த கடிதத்தை அசட்டையாக மேசைமேல் போட்டாள். அங்கே என் பொருள் உடைந்தது. இந்த இரண்டாவது வாக்கியம் கிடைக்காமல் போயிருந்தால் இன்னும் எத்தனை காலம் அந்தத் தவறோடு இருந்திருப்பேனோ தெரியாது. 'சட்டை செய்யாமல் போனான்' என்ற வழக்கில் இருக்கிற சட்டைதான் அசட்டையிலும் இருக்கிறது என்பது அதற்கும் வெகுகாலம் கழித்தே புரிந்தது.

எல்லா வாக்கியமும் பொருள் சொல்லாது என்பதை இதற்காகத்தான் சொல்கிறேன். இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், எலன் மெக்காஸ்லின் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1983இல் இதையே எழுதினார்கள். சில இடங்கள் பொருளை நேரே காட்டுகின்றன. சில இடங்கள் ஓரளவு திசை காட்டுகின்றன. சில எதுவுமே சொல்வதில்லை. சில இடங்கள் தவறான பொருளுக்கே கூட்டிக்கொண்டு போகின்றன. என் நாற்காலி வாக்கியம் கடைசி வகை. கதை எழுதுகிறவர் உங்களுக்குச் சொல் கற்றுத்தர எழுதுவதில்லை. அவருக்கு அந்தச் சொல் தெரியும், நமக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்.

விட்டேற்றியையே எடுத்துக்கொள்ளுங்கள். "அவன் விட்டேற்றியாகச் சிரித்தான்." சிரித்த விதம் ஏதோ என்பதற்குமேல் ஒன்றும் தெரியாது. அப்புறம் எங்கோ, "வீட்டில் ஆயிரம் பிரச்சினை, இவன் விட்டேற்றியாகத் திரிகிறான்" என்று வருகிறது. இப்போது பொறுப்பு சம்பந்தப்பட்டது என்று தெரிகிறது. சோம்பேறித்தனமாக இருக்கலாம், ஊதாரித்தனமாகவும் இருக்கலாம். மூன்றாவதாக, "எதைக் கேட்டாலும், எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்று விட்டேற்றியாகச் சொல்லிவிட்டு நகர்ந்தான்." ஊதாரி கழிந்துவிட்டான். சோம்பலும் ஏறக்குறையக் கழிந்துவிட்டது. ஒவ்வொரு சந்திப்பிலும் பொருள் கொஞ்சம் குறுகுகிறது. முதல் வாக்கியத்திலேயே அகராதிக்குப் போயிருந்தால் 'அக்கறையின்மை' கிடைத்திருக்கும், இந்தக் குறுகல் கிடைத்திருக்காது.

ஆனால் மூன்று சந்திப்பு என்பது நான் வசதிக்காக அமைத்தது. உண்மையில் இது இன்னும் மெதுவாக நடக்கிறது. ஸ்வான்பார்ன், டி குளோப்பர் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் இதுபற்றிய 20 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மாணவர்கள் இயல்பாக வாசித்துக்கொண்டு போகும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் சராசரியாக 15 சதவீதம்தான் தங்குகிறது என்று கண்டார்கள். 100 புதுச்சொற்களைக் கடந்தால் 85 கையில் நிற்பதில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சோர்வு வரவில்லை, நிம்மதிதான் வந்தது. உங்களுக்கும் அது வரவேண்டும் என்று விரும்புகிறேன். நோட்டில் பாதிச் சொல் மறந்துபோனது உங்கள் நினைவாற்றலின் குறை இல்லை. ஒரே ஒருமுறை சந்தித்த சொல் போகத்தான் செய்யும்.

இன்னொன்றும் பாருங்கள். நீங்கள் இப்போது படிக்கும் புத்தகம் உங்கள் அளவுக்குக் கடினமானதா? மார்செல்லா ஹூ, பால் நேஷன் இருவரும் 2000இல் செய்த ஆய்வில், கதையொன்றை உதவியில்லாமல் நன்றாகப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டுமே புதிது. அது ஆங்கிலத்தில் எடுத்த கணக்கு. தமிழில் ஒரு சொல்லின்மேல் வேற்றுமையும் விகுதியும் ஏறி நிற்பதால் அப்படியே எண்ண முடியாது. ஆனாலும் சேதி இங்கும் பொருந்தும். சூழல் என்பதே தெரிந்த சொற்களால் ஆனது. வரிக்கு இரண்டு தெரியாத சொல் இருந்தால் எதை வைத்து எதை ஊகிப்பது? அந்தப் புத்தகத்தை ஒரு வருடம் தள்ளிவையுங்கள். உங்களுக்கு எளிதாக இருப்பதை நிறைய வாசியுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

சரி, ஊகிப்பது எப்படி? இதற்கு நம்மிடம் மிகப் பழைய விடை ஒன்று இருக்கிறது. பல பொருள் கொண்ட ஒரு சொல் ஓரிடத்தில் என்ன பொருளில் நிற்கிறது என்பது வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியும் என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரம். 'மா' என்ற சொல்லை வைத்து உரையாசிரியர்கள் இதை விளக்குகிறார்கள். மா பூத்தது என்றால் மரம், பூப்பது என்ற வினை காட்டிவிட்டது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரம், பக்கத்தில் நிற்கும் மருது அதன் இனம். போர்க்கவசம் அணிந்து நிற்பவன் 'மா கொண்டுவா' என்றால் குதிரை. அங்கே வினையும் உதவவில்லை, கூட நிற்கும் சொல்லும் இல்லை. அவன் நிற்கும் கோலம் சொல்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கடைசி எடுத்துக்காட்டு. வாக்கியத்தை மட்டும் உற்றுப் பார்த்தால் போதாது, யார், எந்த நிலையில் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும். நான் பத்து வயதில் தவறியதும் அங்கேதான். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் முன்னால் ஒருவர் கைகட்டி நின்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் கவனிக்கவில்லை, வெயிலைக் கவனித்தேன். அதே நூலின் உரியியல் தொடக்கத்தில், பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்திப் பொருள் சொல்வது பற்றி வருகிறது. 'சார்த்தி' என்ற சொல் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். தெரியாத சொல் தெரிந்ததன் மேல் சாய்ந்துகொண்டுதான் நிற்க முடியும்.

இனம் என்பதை இன்னும் கொஞ்சம் விரித்துக்கொள்ளலாம். ஒரு சொல் எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதும் அதன் பொருளில் ஒரு பகுதிதான். அமோக வெற்றி என்கிறோம், அமோக விளைச்சல் என்கிறோம். அமோகத் தோல்வி என்று யாரும் எழுதுவதில்லை. தோல்விக்குப் 'படு' வருகிறது, படுதோல்வி. 'அமோகம் - மிகுதி' என்று நோட்டில் இருந்தால் இந்தத் தடை அதில் தெரியாது. இறந்தார், மறைந்தார், காலமானார், செத்தான் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஆனால் எந்த இடத்தில் எதைச் சொல்லக்கூடாது என்பது ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், கேட்டுக் கேட்டு வந்தது அது.

அகராதி மட்டும் தனியாக என்ன செய்யும் என்பதற்கு ஜார்ஜ் மில்லர், பட்ரீஷியா கில்டீ 1987இல் எழுதிய கட்டுரையில் ஓர் உதாரணம் உண்டு. ஆங்கிலத்தில் 'எரோட்' என்றால் நீர் மண்ணை அரிப்பது. அதற்கு அகராதி தந்த விளக்கங்களில் ஒன்று 'ஈட் அவுட்', அதாவது தின்று குடைவது. அன்றாடப் பேச்சில் அதுவே வெளியே போய்ச் சாப்பிடுவதையும் குறிக்கும். ஒரு குழந்தை அதைப் பார்த்து, எங்கள் குடும்பம் அடிக்கடி எரோட் செய்கிறது என்று எழுதியது. உங்கள் பணம் கட்டாத வாக்கியமும் இதே வழியில் வந்ததுதான். விளக்கம் சரி, சொல்லின் இடம் மட்டும் கைக்கு வரவில்லை.

அதற்காக அகராதியை மூடச் சொல்ல மாட்டேன். என் அசட்டையை முதல் மாதத்திலேயே திருத்தியிருக்கக்கூடியது அதுதானே. வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஊகம். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. வாசிப்பை நிறுத்த வேண்டாம். அதே சொல் மறுபடி வந்தால் உங்கள் ஊகம் அங்கே நிற்கிறதா என்று பாருங்கள். அதன்பிறகு அகராதிக்குப் போங்கள். அப்போது உங்கள் கையில் ஒரு பொருள் இருக்கிறது, அகராதி அதை ஏற்கிறதா மறுக்கிறதா என்று பார்க்கப் போகிறீர்கள். அந்த ஆவலே சொல்லை நிறுத்திவைக்கும். எடுத்துக்காட்டு வாக்கியம் தரும் அகராதியாக இருந்தால் நல்லது. 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை நான் அதற்காகவே மேசைமேல் வைத்திருக்கிறேன். பொருளைவிட அதிலுள்ள வாக்கியங்களைத்தான் அதிகம் படிக்கிறேன்.

நோட்டும் இருக்கட்டும். முன்பு தமிழ் படித்தவர்கள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். அதுவும் சொற்பட்டியல்தான், செய்யுளில் இருந்தது. ஆனால் நிகண்டோடு அவர்கள் நிறுத்தவில்லை. அதை வைத்துக்கொண்டு இலக்கியத்துக்குள் போனார்கள், மனதில் இருந்த சொல் அங்கே எதிரே வந்தது. உங்கள் 600 சொற்களும் அப்படிக் காத்திருக்கட்டும். இனி எழுதும்போது சொல்லைத் தனியே எழுதாமல் அது நின்ற வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள், யார் யாரிடம் சொன்னது என்று அரை வரி சேருங்கள். பொருளைக் கடைசியில், சின்னதாக. அதே சொல் வேறிடத்தில் கிடைத்தால் அந்த வாக்கியமும் கீழே வரட்டும். இப்படி நாற்பது சொற்கள் இருந்தால் போதும், பழைய 600ஐவிட அது எவ்வளவோ மேல்.

உங்கள் மகள் விஷயம். சொல்லிவிடுங்கள். கேட்கிற குழந்தையைக் காக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தைகள் எப்படிச் சொல்லைப் பிடிக்கிறார்கள் என்பதற்கு 1978இல் சூசன் கேரி, எல்ஸா பார்ட்லெட் செய்த சோதனை ஒன்று உண்டு. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள். இரண்டு தட்டுகள், ஒன்று நீலம், இன்னொன்று ஆலிவ் பச்சை. "அந்தக் குரோமியம் தட்டை எடுத்துவா, நீலம் வேண்டாம், குரோமியம்" என்று வேலையோடு வேலையாகச் சொன்னார்கள். இது பாடம் என்று குழந்தைக்குத் தெரியாது. குழந்தைகள் சரியான தட்டை எடுத்தார்கள், ஏனென்றால் நீலம் என்ற சொல் தெரியும். மீதி இருப்பதுதானே குரோமியம். சில வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோது பல குழந்தைகளிடம் அந்தச் சொல்லின் தடம் இருந்தது. எந்த நிறம் என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும் அது ஒரு நிறத்தின் பெயர் என்பது ஒட்டியிருந்தது.

உங்கள் மகள் "அப்படின்னா என்ன?" என்று கேட்கும்போது அவளுக்குத் தெரிந்த ஒன்றை வைத்து ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். கதை நிற்கவேண்டாம், அடுத்த வரிக்குப் போகட்டும். பிறகு மாலையிலோ மறுநாளோ நீங்களே அந்தச் சொல்லைப் பேச்சில் ஒருமுறை பயன்படுத்துங்கள், சொல்லித்தருகிற குரல் இல்லாமல், தட்டை எடுத்துவா என்று சொல்வதுபோல.

அன்புடன்.