ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியுமா? குடும்ப ஆல்பம்: கேள்வி-பதில்

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் குடும்பப் படங்களை வைத்து ஒரு ஸ்கிராப்புக் செய்து கொடுக்க ஆசை. ஆன்லைனில் விற்கும் கிட்களில் ‘ஆசிட் ஃப்ரீ’ என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா? தாளைத் தனியாக வாங்கி நாங்களே செய்வது மேலா?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: தாளைத் தனியாக வாங்குங்கள். கிட்டுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு ஸ்டிக்கருக்கும் ரிப்பனுக்கும் போய்விடும். ஐம்பது வருடம் படத்தைத் தாங்க வேண்டிய தாள் பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும்.

‘ஆசிட் ஃப்ரீ’ என்றால் செய்யும்போது அந்தத் தாளில் அமிலம் இல்லை, அவ்வளவுதான். மரக்கூழிலுள்ள லிக்னினை நீக்காவிட்டால் அதே தாள் சில வருடங்களில் தானாகவே அமிலமாகிப் பழுப்பேறும். பழைய செய்தித்தாள் பழுப்பாவது இதனால்தான். ஆகவே ‘லிக்னின் ஃப்ரீ’ என்பதும் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். ‘போட்டோ சேஃப்’ என்பதை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். ‘பி.ஏ.டி.’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ. 18916’ என்று இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. தாளோ பசையோ படத்தில் கறையோ மங்கலோ உண்டாக்குமா என்று பார்க்கும் சோதனை அது.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் ஷீட் கணக்கில் கிடைக்கும். பளபளப்புப் பூச்சு இல்லாத 250 ஜி.எஸ்.எம். தாள் கேளுங்கள். 180-க்குக் கீழே போனால் நான்கு படங்களின் கனத்துக்கே பக்கம் தொங்கிவிடும். 22 × 28 அங்குல ஷீட்டை நான்காக வெட்டினால் 11 × 14 அங்குலப் பக்கங்கள் நான்கு கிடைக்கும், ஒரு துண்டும் வீணாகாது. அதே ஷீட்டைக் கிட்களில் வரும் 12 × 12 அளவுக்கு வெட்டினால் இரண்டுதான் தேறும். இருபது தாள் ஆல்பத்துக்கு ஐந்து ஷீட் வேண்டும். வெட்டும்போது கெட்டுப்போவதற்கு ஒன்று கூடுதலாக வாங்குங்கள்.

முதுகுக்காக இன்னொரு ஷீட்டும் வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 250 ஜி.எஸ்.எம். தாள் சுமார் 0.3 மி.மீ. தடிமன், இருபது தாளுக்கு முதுகில் 6 மி.மீ. வரும். இரு பக்கமும் படம் ஒட்டிய பிறகு நடுப்பகுதியோ 16 மி.மீ. ஆகிவிடும். அப்போது ஆல்பம் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதே தாளில் ஓர் அங்குல அகலப் பட்டைகள் வெட்டி, ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு வீதம் முதுகோரம் வைத்துத் திருகாணியில் கோக்கச் சொன்னால் சரியாக உட்காரும். பைண்டிங் கடையில் ‘ஸ்க்ரூ பைண்டிங்’ என்று கேளுங்கள். பின்னால் பக்கம் சேர்க்கவும் கழற்றவும் முடியும்.

தாளுக்கு இழை ஓட்டம் உண்டு. ஷீட்டை நீளவாக்கிலும் குறுக்கிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் எளிதாக வளையும். அந்த மடிப்புக்கோடு போகும் திசைதான் இழையின் திசை. அது முதுகுக்கு இணையாக இருக்கட்டும். மாறிப்போனால் ஐப்பசி மழையில் பக்கங்களெல்லாம் அலையலையாக நெளியும்.

வாங்கும் முன் ஒரே ஒரு ஷீட் எடுத்துவந்து சோதியுங்கள். ஒரு துண்டில் பாதியை அட்டையால் மூடி, இரண்டு வாரம் வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். வெயில் பட்ட பாதி மஞ்சளானால் அந்தத் தாள் வேண்டாம். கறுப்பு, சிவப்பு, நீலத் தாள் என்றால் நனைத்த வெள்ளைப் பஞ்சை அதன்மேல் ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். பஞ்சில் சாயம் ஏறினால் நாளை உங்கள் படத்திலும் ஏறும். புதுச்சேரியில் செய்யும் பருத்திக் கைத்தாள் இந்த வேலைக்கு மிக அழகு. ஆனால் பூவிதழும் வைக்கோலும் கலந்த ரகத்தைப் படத்துக்கு அடியில் வைக்காதீர்கள், உறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1980-களில் வாங்கிய ஆல்பம். பக்கமே பசையாக இருக்கும், மேலே பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும். அதிலிருந்து படங்களைப் பிரித்தால் கிழிகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பிரிப்பதை இப்போதே நிறுத்துங்கள். முதல் வேலை, ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிற நிலையிலேயே ஸ்கேன் செய்வது. பிளாஸ்டிக் தாள் தானாகத் தூக்கினால் தூக்குங்கள். படத்தோடு ஒட்டியிருந்தால் அதன் மேலேயே ஸ்கேன் எடுங்கள். தபால் அட்டை அளவுப் படத்தை 600 டி.பி.ஐ.யில் எடுத்தால் 8 × 12 அங்குலம் வரை தெளிவாகப் பிரின்ட் போடலாம். ‘டிஃப்’ கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தரம் குறையும்.

பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை ஒரு முழம் எடுத்து இரு கையிலும் சுற்றிக்கொண்டு, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். வளைய வேண்டியது பக்கம்தான், படம் வளையக் கூடாது. படத்தைப் பிடித்துத் தூக்கினால் மேலுள்ள ஜெலட்டின் அடுக்கில் நிரந்தரக் கீறல் விழும். நூல் நகரவில்லை என்றால், பக்கத்தின் பின்புறத்திலிருந்து ஹேர் டிரையரை மிகக் குறைந்த சூட்டில் சில வினாடி காட்டி மறுபடி முயலுங்கள். படத்தின் முன்பக்கம் சூடு படவே கூடாது. அதற்கும் மசியாவிட்டால் படத்தைச் சுற்றி அட்டையோடு கத்தரித்து எடுங்கள். பின்னால் கொஞ்சம் அட்டை ஒட்டியிருந்தால் பாதகமில்லை.

ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்துப் பிரதி போட்டுக்கொள்வதே வழி.

கேள்வி: ஃபெவிகால், க்ளூ ஸ்டிக், டபுள் சைட் டேப்: எது நல்லது?
– வாசகி, அண்ணா நகர்

பதில்: மூலப்படத்துக்கு மூன்றும் வேண்டாம். ஆல்பத்துக்காக எதை வாங்கினாலும் கேட்க வேண்டியது ஒன்றே: ஒட்டிய பிறகு, ஒட்டிய சுவடு இல்லாமல் திரும்ப எடுக்க முடியுமா? இதில் தேறுவது மூலைப்பிடிதான். கடையில் ‘போட்டோ கார்னர்’ என்று கேளுங்கள். நூறு படத்துக்கு நானூறு வேண்டும். கிடைக்காவிட்டால் ஆல்பம் தாளின் மெல்லிய ரகத்தில் 2 × 4 செ.மீ. துண்டு வெட்டி, மேல் மூலைகள் இரண்டையும் கீழ்விளிம்பின் நடுவில் சேருமாறு மடியுங்கள். முக்கோணப் பை கிடைக்கும். பசை அதன் முதுகில் மட்டும். படத்தில் ஒரு சொட்டும் படாது.

இந்தக் காலப் பிரதிகளை ஒட்ட அக்ரிலிக் பசையுள்ள டபுள் சைட் டேப் சரி. மூலைக்கு ஒன்றரை செ.மீ. வீதம் நூறு படத்துக்கு ஆறு மீட்டர். ஃபெவிகாலின் ஈரத்தில் தாள் சுருங்கி மேடுபள்ளமாகும். செல்லோடேப் சில வருடத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும், அதன் மஞ்சள் கறை மட்டும் போகாது. மைதா பசையைத் தொடவே வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. லேமினேஷனும் கூடாது. சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்கை எந்த நிபுணராலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. பாட்டியின் ஒரே படத்தை லேமினேட் செய்தால் ‘பத்திரமாக இருக்கும்’ என்று நம்பிச் செய்துவிடுகிறார்கள். பார்க்கவே மனம் பதைக்கிறது.

உறை வாங்கினால் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையாக இருக்கட்டும். அடியில் முக்கோணத்துக்குள் 5 அல்லது 1 என்ற எண் இருக்கும். 3 இருந்தால் அது பி.வி.சி., வாங்காதீர்கள். எண் இல்லையா, முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனையோடு தொளதொளவென்று இருப்பது பி.வி.சி. கலர் ஜெராக்ஸின் மையைக்கூட அது தன்மேல் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: பழைய கல்யாணப் பத்திரிகை, பட்டுப்புடவைத் துண்டு, சினிமா டிக்கெட் எல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. எப்படி அழகாகச் சேர்ப்பது? பல படங்களில் எந்த வருடம் என்றே தெரியவில்லை.
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: வருடத்திலிருந்து தொடங்குவோம், அது தெரிந்தால் அடுக்கும் முறை தானே வந்துவிடும். படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு நம் நாட்டுக்கு வந்தது 1972 ஆகஸ்டில். ஆங்கில முத்திரையில் ‘மெட்ராஸ்-17’ என்று மட்டும் இருந்தால் அனேகமாக அதற்கு முந்தையது. ‘மெட்ராஸ்-600 017’ என்றால் முத்திரை 1972-க்குப் பிறகு செய்தது. ‘சென்னை’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996-க்குப் பிறகு. கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருடம் இருந்தால் இன்னும் நல்லது. அறுபது வருடச் சுற்று என்பதால் ‘ஜய வருஷம்’ என்றால் 1954-55 அல்லது 2014-15, நடுவில் வேறு கிடையாது. படத்தில் இருப்பவரின் வயதே எது என்று சொல்லிவிடும்.

அலங்காரத்துக்கு வீட்டிலிருப்பதையே எடுங்கள். அம்மாவின் கோல நோட்டிலிருந்து ஒரு புள்ளிக் கோலத்தைப் பக்கத்தின் ஓரமாக வரையலாம். கைப்பட எழுதிய வத்தக்குழம்புக் குறிப்பு, மளிகைக் கணக்கு, இன்லேண்ட் லெட்டரின் முகவரிப் பக்கம் ஆகியவற்றை ஸ்கேன் எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்தால், வாங்கிய எந்த ஸ்டிக்கரும் அதற்கு ஈடாகாது. ஒரே வாசற்படியில் வெவ்வேறு பொங்கலில் எடுத்த படங்களை வரிசையாக ஒரே பக்கத்தில் வையுங்கள். குழந்தைகள் வளர்வதும் பெரியவர்கள் நரைப்பதும் அங்கேயே தெரியும்.

மூலப்பொருள்களில் கவனம் வேண்டும். புதிய பஸ் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு போன்ற வெப்பத்தாளில் எழுத்து சில வருடத்தில் மறைந்துவிடும். இன்றே பிரதி எடுங்கள். பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை எதிர்ப்பக்கத்தில் கறை ஏற்றும், உறையில் போடுங்கள். ஜரிகையில் வெள்ளியும் செம்பும் இருக்கலாம், படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டும் கெடும். புடவைத் துண்டுக்குத் தனிப் பக்கம், தனி உறை. பூவைச் செய்தித்தாளுக்கு நடுவில் பாரம் வைத்து, முதல் வாரம் தினமும் தாளை மாற்றி, மூன்று வாரம் உலர்த்த வேண்டும். மல்லிகை எப்படியும் பழுப்பாகும். செம்பருத்தி இதழும் அரச இலையும் நன்றாக நிற்கும்.

இதற்கெல்லாம் மேலாகப் பெயர்களை எழுதுங்கள். ‘அத்தை’ என்றால் யாருடைய அத்தை? முழுப்பெயர், உறவு, ஊர், வருடம் நான்கும் வேண்டும். படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் அழுத்தம் முன்பக்கம் தெரியும். பழைய தாள் படத்துக்கு மென்மையான பென்சில் போதும். வழுவழுப்பான முதுகுள்ள புதுப் படத்தில் பென்சில் பிடிக்காது, ‘பிக்மென்ட்’ மை என்று குறித்த பேனாவால் ஓரத்தில் எழுதி நன்றாகக் காயவிடுங்கள். பெரியவர்களை உட்கார வைத்து ஸ்கேன்களைக் காட்டிக் கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய ஆல்பம் பத்தே நாளில் முதுகு விட்டுப்போனது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், தாம்பரம்

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அதே கணக்குத்தான். உடைந்த முதுகைப் படமெடுத்து, எழுத்தில் கேளுங்கள். பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தர மட்டும் சட்டம் உதவாது.

ஸ்கேனுக்கோ பெரிதாக்கவோ கடையில் கொடுத்தால் ரசீதில் படங்களின் எண்ணிக்கையையும் நெகட்டிவ் துண்டுகளின் எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். தொலைந்தால் நஷ்டஈடு கேட்கலாம், படம் வராது. ஒரே பிரதி என்றால் உடனிருந்து ஸ்கேன் எடுத்துக் கையோடு கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஆல்பத்தை எங்கே வைப்பது? 2015 வெள்ளத்தில் பாதிப் படங்கள் போய்விட்டன.
– வாசகி, முடிச்சூர்

பதில்: பரண் வேண்டாம், சூடு அதிகம். பீரோவின் கீழ்த்தட்டும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம், ஓதம். உள்ளறை பீரோவின் நடுத்தட்டு நல்லது. சிலிக்கா ஜெல்லைச் சும்மா பீரோவில் போட்டால் ஊரின் ஈரத்தை எல்லாம் குடித்து ஒரே வாரத்தில் ஓய்ந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஆல்பத்தோடு போட்டால்தான் வேலை செய்யும். ஆல்பத்தை ஏ.சி. அறையில் சில மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, அங்கேயே டப்பாவில் மூடுங்கள். ஈரம் ஏறினால் நிறம் மாறும் ரகத்தை 20 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் போட்டு, நிறம் மாறியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ரசகற்பூர உருண்டை படத்தோடு சேரக் கூடாது. வசம்பைத் துணியில் முடிந்து டப்பாவுக்கு வெளியே வைக்கலாம்.

மறுபடி தண்ணீர் புகுந்தால், நனைந்த படங்களை அடுக்காகக் காயவிடாதீர்கள், கல்போல ஒட்டிக்கொள்ளும். ஈரம் இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் போட்ட படத்தை மட்டும் தண்ணீரில் விடக் கூடாது, மை ஓடிவிடும். இரண்டு நாளுக்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால், படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்துக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பூஞ்சை பிடிக்காது, கரண்ட் இருக்கும்வரை நேரம் கிடைக்கும்.